அப்டேட் ஓடியதும் மெயில் மக்கர் செய்கிறதா? லினக்ஸ் தண்டர்பேர்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சுங்க. காலையில வந்து தொறந்தா ஒரு மெயிலக்கூடக் காணோமுங்க."

திருப்பூர், கரூர், கோயமுத்தூர்ப் பக்கம் சின்னக் கம்பெனிகளில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் இந்த போன் வந்திருக்கும். விசாரித்தால் முந்தின நாள் சிஸ்டம் அப்டேட் ஓடியிருக்கும். இந்த மாதிரி நேரங்களில் மெயில் பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. புரோகிராம் தன் பழைய ஃபோல்டரை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மெயில் உண்மையிலேயே போவது அதற்கப்புறம். பதற்றத்தில் புதுக் கணக்கு போடுவார்கள், பழையதை அழிப்பார்கள், புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். நீக்கி ஏற்றுவதால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை தீராது. கோளாறு பெரும்பாலும் புரோகிராமில் இல்லை, உங்கள் மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரிலோ சர்வர் பக்கமோ இருக்கிறது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை நகல் எடுப்பது. அப்புறம்தான் மற்றது.

இங்கே பெரும்பாலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், நம் பக்கம் ஆபீஸ்களில் அதிகம் ஓடுவது அதுதான். எவல்யூஷன், கேமெயில் என்ற வேறு மெயில் புரோகிராம்கள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. ஆணைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது ஆணைகளை எழுத்தாக அடிக்கும் ஜன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். கோடு என்பது ஹைஃபன். இரண்டு கோடு என்று வரும் இடங்களில் அதற்கு முன் ஓர் இடம் விடுங்கள்.

தண்டர்பேர்ட் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பார்கள். லினக்ஸ் வகைகளான உபுண்டுவும் டெபியனும் ஒரு பேக்கேஜின், அதாவது நிறுவும் புரோகிராமின், பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைப்பதுதான் வழக்கம். தண்டர்பேர்டுக்கு அந்த வழக்கம் இல்லை. செக்யூரிட்டி அப்டேட் என்ற பெயரிலேயே முழுப் புதுப் பதிப்பு வந்து இறங்கிவிடும். 2020-இல் 78, 2021-இல் 91, 2022-இல் 102, 2023-இல் 115, 2024-இல் 128 என்று வருடத்துக்கு ஒரு பெரிய தாவல். 78-இல் கூடுதல் வசதி தரும் பழைய வகை ஆட்-ஆன்கள் எல்லாம் நின்றுபோயின. 115-இல் முகப்பே மாறியது. நீங்கள் எதையும் தொடாமல் இருந்தாலும் ஒரு காலையில் வேறொரு புரோகிராம் திறந்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மெயில் ஒன்றும் இல்லை, புதுக் கணக்கு போடச் சொல்கிறது

இதுதான் அதிகம் பயமுறுத்துவது, எளிதில் தீர்வதும் இதுதான்.

கணக்கு போடச் சொல்லும் திரையைக் கேன்சல் செய்யுங்கள். முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போக வேண்டாம். ஐமேப் கணக்காக, அதாவது மெயில் சர்வரிலேயே இருக்கும் வகையாக, இருந்தால் பெரிய சேதமில்லை, சர்வரில் உள்ளது திரும்ப இறங்கும். பாப் கணக்கு, அதாவது மெயிலை மெஷினுக்கு இறக்கிக்கொள்ளும் வகை என்றால், சர்வரில் மிச்சம் இருக்கும் கொஞ்ச மெயில் புது இடத்தில் இறங்கி, பழையது ஒரு பக்கம் புதியது ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பிறகு சேர்ப்பது தனி வேலை.

புரோகிராமை மூடிவிட்டு ஃபைல் மேனேஜரில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். டெப், ஸ்நாப், ஃப்ளாட்பேக் என்பவை புரோகிராமை நிறுவும் மூன்று வழிகள். அதைப் பொறுத்து தண்டர்பேர்டின் சரக்கு இருக்கக்கூடிய இடங்களும் மூன்று:

- சாதாரண டெப் பேக்கேஜ் என்றால் ஹோமிலேயே, புள்ளியில் தொடங்கும் 'தண்டர்பேர்ட்' ஃபோல்டர்.
- ஸ்நாப் என்றால் ஹோமில் 'ஸ்நாப்', அதற்குள் 'தண்டர்பேர்ட்', அதற்குள் 'காமன்', அதற்குள் அதே புள்ளி வைத்த 'தண்டர்பேர்ட்'.
- ஃப்ளாட்பேக் என்றால் புள்ளி வைத்த 'வார்', அதற்குள் 'ஆப்', அதற்குள் மொசில்லா தண்டர்பேர்ட் பெயரில் உள்ள ஃபோல்டர்.

ஒவ்வொன்றிலும் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரின் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். பையருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர். பி.ஓ., டெக் பேக், லேப் டிப் அப்ரூவல், சாம்பிள் கமெண்ட், ஷிப்மெண்ட் பேப்பர் என்று எல்லாம் பிடிஎஃப்பும் படமுமாக வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த ஃபோல்டர் ஜிபி கணக்கில் இருக்கும். பக்கத்தில் நேற்று முளைத்தது சில எம்பிதான் இருக்கும். பெரியது எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் மெயில் இருக்கிறது. அளவைப் பார்த்ததுமே பாதி பதற்றம் போய்விடும்.

இப்போது அந்தப் பெரிய ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். கடையில் வாங்கிய பென் டிரைவில் எடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். அது ஃபேட் 32 வகையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதையும் ஒரே ஃபைலாகத்தான் வைக்கும், இன்பாக்ஸ் 4 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். பாதியில் நின்ற நகலை முழு நகல் என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எக்ஸ்ஃபேட் அல்லது லினக்ஸின் எக்ஸ்ட் 4 வகை டிஸ்க் நல்லது.

ஐமேப் ஆட்களுக்கும் இந்த நகல் தேவை. லோக்கல் ஃபோல்டர்ஸ், முகவரிப் புத்தகம், ஃபில்டர்கள் ஆகியவை சர்வரில் இல்லை, உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கின்றன.

இனி, ஏன் இப்படி ஆனது என்பதைப் பார்த்தால் வழி தானாகத் தெரியும்.

2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், தான் எந்த இடத்தில் நிறுவப்பட்டிருக்கிறதோ அந்த இடத்துக்கு என்று ஒரு ப்ரொஃபைலை ஒதுக்கிக்கொள்கிறது. நிறுவிய இடம் மாறினால், அது தன்னைப் புதிதாக வந்த ஆளாக நினைத்துப் புது ப்ரொஃபைல் உண்டாக்கிவிடும். ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, அதில் 'அபௌட் ப்ரொஃபைல்ஸ்' இணைப்பை அழுத்துங்கள். இருக்கும் ப்ரொஃபைல்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் ஃபோல்டரும் காட்டப்படும். நீங்கள் அளந்து கண்டுபிடித்த பெரிய ஃபோல்டர் எதுவோ, அதை டீஃபால்ட் ஆக்கிவிட்டுப் புரோகிராமை மூடித் திறங்கள். டெப் பேக்கேஜில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேலை இதோடு முடிந்தது.

உபுண்டு 22.04-இல் இருந்து 24.04-க்குப் போனவர்கள் கதை வேறு. 24.04-இல் தண்டர்பேர்ட் டெப் பேக்கேஜாக வருவதில்லை, ஸ்நாப்பாக வருகிறது. ஸ்நாப் தன் 'காமன்' ஃபோல்டரில் உள்ள மெயிலைத்தான் பார்க்கும். அங்கே பழைய மெயில் வந்து சேரவில்லை என்றால், புரோகிராமை மூடிவிட்டு அங்கே உள்ள புள்ளி வைத்த 'தண்டர்பேர்ட்' ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். அப்புறம் ஹோமில் உள்ள பழைய ஃபோல்டரை முழுதாக அங்கே நகலெடுத்து வையுங்கள். பிறகு டெர்மினலில் 'தண்டர்பேர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடு, பெரிய எழுத்து 'பி'. ப்ரொஃபைல் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். பழையதைத் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் மின்ட் 22 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உபுண்டு ஸ்நாப்புக்குப் போனபோது மின்ட் குழு தண்டர்பேர்டைத் தாங்களே டெப்பாகக் கட்டித் தர ஆரம்பித்தார்கள். சின்ன ஆபீஸ்களுக்கு நான் மின்ட்டைச் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்கிறது

ஒருமுறை புதுப் பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறந்தால் தண்டர்பேர்ட் மறுக்கும். புது ப்ரொஃபைல் உண்டாக்கட்டுமா, வெளியேறட்டுமா என்று இரண்டே பட்டன். வெளியேறுங்கள்.

இது எப்போது வரும் என்றால், ஸ்நாப் பிடிக்காமல் டெப்புக்கோ வேறு வழிக்கோ மாறும்போது. இன்னொன்றும் உண்டு. அப்டேட் சரியில்லை என்று 'ஸ்நாப் ரிவர்ட் தண்டர்பேர்ட்' அடித்துப் பழைய பதிப்புக்குத் திரும்புவார்கள். புரோகிராம் பின்னால் போகும், ஆனால் 'காமன்' ஃபோல்டர் பின்னால் போகாது. அது எல்லாப் பதிப்புக்கும் பொது. மெயில் அங்கேதான் இருக்கிறது. ஆகவே ப்ரொஃபைல் புதிது, புரோகிராம் பழையது என்று ஆகி இந்தச் செய்தி வந்துவிடும்.

சரியான வழி, ப்ரொஃபைல் எந்தப் பதிப்பில் இருந்ததோ அந்தப் பதிப்பையோ அதற்கு மேலோ நிறுவுவது. 'அலவ் டவுன்கிரேட்' என்ற சேர்க்கையோடு வலுக்கட்டாயமாகத் திறக்க முடியும். ஆனால் முகவரிப் புத்தகம் போன்றவற்றின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கலாம். கையில் நகல் இல்லாமல் அதைச் செய்யவே வேண்டாம்.

திறக்கவே மாட்டேன் என்கிறது

ஐகானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டெர்மினலில் 'தண்டர்பேர்ட்' என்று அடித்துத் திறந்து பாருங்கள். ஏன் நிற்கிறது என்று அதுவே சொல்லும்.

புரோகிராமுக்குத் துணையான லைப்ரரி ஏதோ இல்லை என்று சொன்னால் அப்டேட் பாதியில் நின்றிருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பெரிய காரணம் கரண்ட். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கும் நாட்களில் கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் பேட்டரி பழசாகியிருந்தால் அப்டேட் ஓடும்போதே மெஷின் அணைந்துவிடும். உபுண்டு, மின்ட், டெபியனில் 'சூடோ டிபிகேஜி' ('சூடோ' என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது), இரண்டு கோடு, 'கான்ஃபிகர்', இடம் விட்டு ஒரு கோடு, 'ஏ'. இது பாதியில் நின்றதை முடித்துவைக்கும். அடுத்து 'சூடோ ஆப்ட்', இரண்டு கோடு, 'ஃபிக்ஸ்', மறுபடி கோடு, 'ப்ரோக்கன்', இடம் விட்டு 'இன்ஸ்டால்'. முடிந்ததும் மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஏற்கெனவே ஓடுகிறது, பதில் சொல்லவில்லை என்று வந்தால், முதலில் சிஸ்டம் மானிட்டரில் தண்டர்பேர்ட் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அங்கேயே முடித்துவையுங்கள். ஓடவில்லை என்றால் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள், பூட்டு என்று பொருள்படும் 'லாக்' என்ற பெயரில் ஓர் உடைந்த இணைப்பு இருக்கும். அது சுட்டும் முகவரியில் கூட்டல் குறிக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். பூட்டுப் போட்ட ப்ராசஸின் எண் அது. அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை என்று உறுதியான பிறகு 'லாக்' இணைப்பையும், புள்ளி வைத்த 'பேரன்ட்லாக்' ஃபைலையும் நீக்கிவிட்டுத் திறங்கள். இரண்டு தண்டர்பேர்ட் ஒரே ப்ரொஃபைலில் எழுதினால் மெயில் ஃபைல் கெட்டுப்போகும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. ஓடுகிறதா என்று பார்க்காமல் உடைக்காதீர்கள்.

ப்ரொஃபைலை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, ஃபோல்டரை யாரோ நகர்த்திவிட்டார்கள். மற்றது, எப்போதோ 'சூடோ' போட்டுத் தண்டர்பேர்டைத் திறந்திருக்கிறார்கள் அல்லது நகலை 'சூடோ' போட்டு எடுத்திருக்கிறார்கள். அப்போது ஃபைல்கள் ரூட், அதாவது நிர்வாகி, பெயருக்குப் போய்விடும். ஃபைலின் சொந்தக்காரரை மாற்றும் 'சௌன்' ஆணையால் உங்கள் யூசர் பெயருக்குத் திருப்பிவிட்டால் திறந்துகொள்ளும்.

டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அழித்த மெயில்களின் இடத்தை மீட்க தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரைக் கம்பாக்ட் செய்யும்போது அதன் இன்னொரு பிரதியை எழுதும். இடம் போதாமல் நின்றால் 'என்எஸ்டிஎம்பி' என்ற பெயரில் மிச்சங்கள் கிடக்கும். டிஸ்க் நிறைய அவை ஒரு காரணம்.

திறக்கிறது, ஆனால் ஜன்னல் வெள்ளையாக அல்லது கறுப்பாக நிற்கிறது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோ கிராஃபிக்ஸ் டிரைவரோ சேர்ந்து அப்டேட் ஆன அன்று இது வரும். ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோட்' உண்டு. மெனுவே தெரியாவிட்டால் டெர்மினலில் 'தண்டர்பேர்ட்' என்று அடித்து, இரண்டு கோடு, 'சேஃப்', கோடு, 'மோட்'. அதில் நன்றாகத் திறந்தால் குற்றவாளி ஆட்-ஆன் அல்லது கிராஃபிக்ஸ். ஆட்-ஆன்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் சிக்கவில்லை என்றால் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். மெயில் படிக்க அது இல்லாமல் ஒரு குறையும் இல்லை. 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் ஸ்டார்ட்அப் கேஷை அழிக்கும் பட்டனும் இருக்கிறது. முகப்பு அலங்கோலமாக வந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள், மெயிலுக்கு ஒன்றும் ஆகாது.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கிறது

அப்டேட்டின் மேல் பழி விழுந்தாலும் இதில் பாதிக்கு மேல் சர்வர் பக்கத்து மாற்றம். கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து மெயில் புரோகிராம் நுழைவதை 2022 மே 30-ஓடு நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-ஓடு நிறுத்தியது. அதற்குப் பதில் ஓ-ஆத் 2 என்ற முறை. புரோகிராம் ஒரு சின்ன பிரவுசர் ஜன்னலைத் திறந்து, அதில் நீங்கள் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ நேரே நுழைந்து அனுமதி கொடுப்பது.

அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸுக்குப் போய் 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்பதை ஓ-ஆத் 2 ஆக்குங்கள். மறக்காமல் அதே பக்கத்தில் கீழே இருக்கும் 'அவுட்கோயிங் சர்வர்' பட்டியலிலும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள். உள்ளே வரும் மெயிலுக்கு மாற்றிவிட்டு வெளியே போவதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். மெயில் வரும், பதில் போகாது. பையருக்கு அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது போயே இருக்காது.

செட்டிங்ஸில் பாஸ்வேர்ட் பட்டியலைத் திறந்து அந்தக் கணக்கின் பழைய பாஸ்வேர்டுகளை நீக்கிவிடுங்கள். பிறகு மூடித் திறந்தால் நுழைவு ஜன்னல் வர வேண்டும். அது வெள்ளையாக நின்றால், ப்ரைவசி பகுதியில் குக்கீகளை ஏற்கும் டிக் எடுபட்டிருக்கும். குக்கீ இல்லாமல் ஓ-ஆத் நடக்காது. பாதுகாப்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி அதை எடுத்துவிட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கம்பெனியின் சொந்த டொமைனில், ஹோஸ்டிங்காரரிடம் மெயில் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். 78-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், டிஎல்எஸ் 1.0, 1.1 வகைப் பழைய பாதுகாப்பு இணைப்புகளை ஏற்பதில்லை. குறைந்தது 1.2 வேண்டும். வருடக்கணக்கில் அப்டேட் செய்யாத மெஷினை இப்போது அப்டேட் செய்தால், பழைய சர்வரோடு பேச முடியாமல் நிற்கும். செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியின் கடைசியில் உள்ள கன்ஃபிக் எடிட்டரில், இடையில் புள்ளி வைத்து 'செக்யூரிட்டி', 'டிஎல்எஸ்', 'வெர்ஷன்', 'மின்' என்ற வரியில் 3 என்றிருப்பதை 1 ஆக்கினால் வேலை செய்யும். காரணம் இதுதானா என்று கண்டுபிடிக்க மட்டும் அதைச் செய்யுங்கள். உறுதியானதும் 3-க்கே திருப்பிவிட்டு, ஹோஸ்டிங்காரரிடம் 1.2 போட்டுத் தரச் சொல்லுங்கள். பாங்க் விவரமும் இன்வாய்ஸும் போகிற பாதை அது. பூட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யக் கூடாது.

கூடவே போர்ட் எண்களையும் ஒரு பார்வை பாருங்கள்: ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, அனுப்புவதற்கு 465 அல்லது 587. 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். அனுப்பும் போர்ட் இன்னும் 25 என்றிருந்தால் மாற்றிவிடுங்கள், பல இன்டர்நெட் கம்பெனிகள் அதை அடைத்து வைத்திருக்கின்றன.

சர்டிஃபிகேட் சரியில்லை என்கிறது

கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி சில வருடம் பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில், சர்வர் காட்டும் அடையாளச் சான்றான இந்த சர்டிஃபிகேட் பிறந்தே இருக்காது, அதனால் புரோகிராம் நம்பாது. பேட்டரி மாற்ற ஐம்பது நூறு ரூபாய்தான் ஆகும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருந்து, நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசப்பட்டால் அது பேட்டரி இல்லை. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தை இந்திய நேரமாக வைக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். தேதி, நேரம் பகுதியில் தானாக நேரம் பிடிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

தேதி சரியாக இருந்தும் செய்தி வந்தால், சர்டிஃபிகேட்டில் உள்ள பெயரும் நீங்கள் சர்வர் என்று எழுதியிருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஹோஸ்டிங்காரரின் சர்வர் பெயரில் சர்டிஃபிகேட் இருக்கும், நீங்கள் உங்கள் டொமைன் பெயரைப் போட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்லும் பெயரை எழுதினால் தீர்ந்தது. எக்ஸெப்ஷன் பட்டனை அழுத்திக் கடந்துபோகும் பழக்கம் வேண்டாம்.

ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே காலி; அல்லது ஒன்றைத் திறந்தால் வேறொன்று வருகிறது

மெயில் ஃபைலுக்குப் பக்கத்தில் 'எம்எஸ்எஃப்' என்று முடியும் அட்டவணை ஃபைல் ஒன்று இருக்கும். பட்டியலில் நீங்கள் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான். அது கெட்டால் மெயில் பத்திரமாக இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. ஃபோல்டரை வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்துங்கள். பெரிய ஃபோல்டர் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால், புரோகிராமை மூடிவிட்டு அந்த ஃபோல்டரின் எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறங்கள், புதிதாக எழுதிக்கொள்ளும். பெயர் மட்டும் ஒன்றாக, பின்னால் எம்எஸ்எஃப் இல்லாமல் இருக்கும் ஃபைல்தான் மெயில். அதில் கை வைக்கக் கூடாது.

தேடினால் மட்டும் கிடைக்கவில்லை என்றால் 'குளோபல் மெசேஜஸ் டிபி' என்ற ஃபைலை மூடிய நிலையில் நகர்த்திவிடுங்கள். தேடல் அட்டவணை மறுபடி உருவாகும்.

அட்டாச் செய்ய முடியவில்லை, தமிழ் வரவில்லை

ஸ்நாப் ஆட்களுக்கு மட்டும்: வேறு பார்ட்டிஷனில் அல்லது பென் டிரைவில் உள்ள ஃபைல் எட்டவில்லை என்றால் 'சூடோ ஸ்நாப் கனெக்ட் தண்டர்பேர்ட்', முக்காற்புள்ளி, 'ரிமூவபிள்', கோடு, 'மீடியா'. மெயிலையே வேறு பார்ட்டிஷனில் வைத்திருந்தாலும் இதே அனுமதி வேண்டும்.

தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துரு போயிருக்கிறது. லோஹித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் பேக்கேஜை ஏற்றி, 'எஃப்சி', கோடு, 'கேஷ்' ஆணையை ஓட்டுங்கள். மெயில் எழுதும் ஜன்னலில் மட்டும் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றால் 'ஐபஸ் ரீஸ்டார்ட்' அடித்துவிட்டுத் தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.

எவல்யூஷன், கேமெயில் வைத்திருப்பவர்களுக்கு

எவல்யூஷனின் உண்மையான வேலை பின்னணியில் ஓடும் டேட்டா சர்வரில் நடக்கிறது. அப்டேட் முடிந்ததும் முன்னால் உள்ள ஜன்னல் புதிது, பின்னால் ஓடுவது பழையது என்று இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும். 'எவல்யூஷன்' என்று அடித்து, இரண்டு கோடு, 'ஃபோர்ஸ்', கோடு, 'ஷட்டவுன்'. அல்லது லாக் அவுட் செய்து வாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அதற்கும் மசியாவிட்டால் ஹோமில் புள்ளி வைத்த 'கேஷ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'எவல்யூஷன்' ஃபோல்டரை மூடிய நிலையில் நகர்த்தலாம், ஐமேப் மெயில் சர்வரிலிருந்து திரும்ப வரும். ஆனால் புள்ளி வைத்த 'லோக்கல்' ஃபோல்டருக்குள், 'ஷேர்' அடியில் இருக்கும் 'எவல்யூஷன்' வேறு. மெஷினில் மட்டும் உள்ள மெயில் அங்கே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், க்னோம் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் க்னோம் கீரிங்கைப் பாருங்கள். லாகின் பாஸ்வேர்டை மாற்றியும் கீரிங் பழைய பாஸ்வேர்டிலேயே இருந்தால், அல்லது ஆட்டோ லாகின் போட்டிருந்தால், கீரிங் தானாகத் திறக்காது. கூகுள் கணக்கை க்னோமின் ஆன்லைன் அக்கவுண்ட்ஸ் வழியாகச் சேர்த்திருந்தால் செட்டிங்ஸில் அங்கே போய் மறுபடி உள்நுழையுங்கள்.

கேமெயிலுக்குப் பின்னால் அகோனாடி என்ற பின்னணிச் சேவை இருக்கிறது. 'அகோனாடிசிடிஎல் ரீஸ்டார்ட்' முதலில். தீராவிட்டால் 'அகோனாடிசிடிஎல்', இடம் விட்டு 'எஃப்எஸ்சிகே'.

அப்டேட்டைத் தள்ளி வைப்பது

ஷிப்மெண்ட் நெருக்கடி இருக்கும் வாரத்தில் மெயில் புரோகிராம் மாறக் கூடாது என்பது நியாயமான ஆசைதான். டெப் என்றால் 'சூடோ ஆப்ட்', கோடு, 'மார்க்', இடம் விட்டு 'ஹோல்ட் தண்டர்பேர்ட்' என்று நிறுத்தி வைக்கலாம். ஸ்நாப் தானாகவே ஒரு நாளைக்கு நான்கு முறை அப்டேட் தேடும். புதிய ஸ்நாப்பில் அதையும் 'ஸ்நாப் ரிஃப்ரெஷ்', இடம் விட்டு இரண்டு கோடு, 'ஹோல்ட்', பிறகு புரோகிராம் பெயர் என்று நிறுத்த முடியும். சரக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள். மெயில் புரோகிராம் வெளி ஆட்கள் அனுப்பும் எதையும் திறக்கும் வாசல், அதை மாதக்கணக்கில் பழையதாக வைத்திருப்பது ஆபத்து.

இவ்வளவும் பார்த்துத் தீரவில்லை என்றால், யாரிடமாவது கேட்கும் முன் நான்கு விவரத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்ட் பதிப்பு எண், அது டெப்பா ஸ்நாப்பா ஃப்ளாட்பேக்கா என்பது, கணக்கு ஐமேப்பா பாப்பா என்பது, ஆப்ட்டின் ஹிஸ்டரி லாக் ஃபைலில் கோளாறு தொடங்கிய நாளில் என்னென்ன மாறியது என்பது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எரர் கன்சோல் திறக்கும். அதில் சிவப்பில் வரும் வரிகளையும் நகலெடுத்து, முகவரியை மறைத்துவிட்டு அனுப்புங்கள். பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், இந்தக் கோளாறு எதையும் சரிசெய்ய அது இன்னொருவருக்குத் தேவைப்படாது.